நேற்றைய பாடம்

பெற்றிசியா உயர்தரம் முடித்த கையோடு, பயிற்சி எதுவும் இல்லாமல், வெள்ளாங்குளத்துக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு யதுர்சிகாவுக்குத் தன் பெயரைக்கூட எழுத வரவில்லை. எப்படிப் பழக்குவதென்று பெற்றிசியாவுக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை பொறுமை இழந்து பிள்ளையை ஏசிவிட்டாள். பஸ்ஸில் அழுதுகொண்டே கீரிக் கிராமத்திலிருந்த வீட்டுக்குத் திரும்பினாள். செவ்வாய் முழுக்கக் காய்ச்சலோடு படுத்திருந்தாள். அம்மா பக்கத்தைவிட்டு நகரவில்லை.

புதன்கிழமை, இனி வரமாட்டேன் என்று அதிபரிடம் சொல்லத்தான் போனாள். வாசலிலேயே யதுர்சிகா அவளை இழுத்துக்கொண்டு போய், கரும்பலகையில் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக் காட்டினாள்.

“ஆர் பழக்கினது?”

“நீங்கள்தானே ரீச்சர், நேற்று.”

“நேற்று நான் வரேல்லையே.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அதிபரும் எட்டிப் பார்த்து, “நேற்று நல்லாப் படிப்பிச்சனீங்கள், பிள்ளை” என்றார்.

பெற்றிசியா வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. “எப்பிடிப் பழக்கினனான்?” என்று யதுர்சிகாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

யதுர்சிகா வெண்கட்டியைப் பிடித்துக்கொண்டு, ரீச்சரின் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்தாள்.

“இப்பிடித்தான். ஆனா நேற்று உங்கட கை நடுங்கேல்லை.”