புள்ளிக்குப் பின்னால்

மறுபடியும் சிவப்புப் பெட்டி. நேற்று கன்னிகா சரிசெய்துவிட்டுப் போன அதே இடத்தில், அதே எரர்.

சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்காக, திருப்பதி ஆபீசில் அவர்கள் ஜாவாவில் எழுதிய ஸ்கிரீன் அது. போன வாரம்தான் வார்டில் ஓடத் தொடங்கியிருந்தது. எடையைத் தட்டினால் மருந்தின் அளவைச் சொல்லும்.

தட்டுவது ஜாவாவுக்கு வெறும் எழுத்து. அதை எண்ணாக மாற்ற வேண்டும். நடுவில் ஒரு புள்ளி வந்துவிட்டால், முழு எண்ணாக மாட்டேன் என்று முரண்டுபிடிக்கும்.

கன்னிகா வழி கண்டிருந்தாள். புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிடு. எரர் போயிற்று. மேனேஜர்கூடப் பாராட்டினார்.

அந்த வரியை யாரோ எடுத்துவிட்டு, பழையதைத் திரும்ப வைத்திருந்தார்கள்.

யாரோ என்ன, வரிக்குப் பக்கத்திலேயே மாற்றியவர் பெயர் இருந்தது. சுனில்.

வாரம் முழுக்க லீவு அவன். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. லீவில் இருப்பவனுக்கு அவள் புரோகிராமில் என்ன வேலை?

டீம் லீட் அவளா அவனா என்று இந்த மாதம்தான் முடிவாகிறது. அவளுக்குப் புரிந்துபோயிற்று. புத்தூரிலிருந்து ஒரே ரயிலில் வந்து போகிறவன், அவள் டப்பாவிலிருந்தே இட்லி எடுத்துத் தின்கிறவன்!

காலையிலிருந்து அவன் போன் வந்துகொண்டே இருந்தது. ஆழம் பார்க்கத்தான் கூப்பிடுகிறான் என்று அவள் எடுக்கவில்லை.

தன் வரியை மறுபடி ஏற்றிவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் கண்ணெதிரேயே அது மறுபடி காணாமல் போயிற்று.

இந்த முறை அவளே கூப்பிட்டாள். கேட்க வேண்டியதையெல்லாம் வாயில் தயாராக வைத்திருந்தாள்.

முதல் ரிங்கிலேயே எடுத்தான். பின்னால் ஏதோ மெஷின் விட்டு விட்டுக் கத்தியது.

“எரர் வந்துகினு போவட்டும், விடு கன்னிகா. வந்தாத்தான் நர்ஸு கையால கணக்குப் போடுறாங்க,” என்றான். “எங்க பாப்பா எட்டாம் மாசமே பொறந்துட்டா, இதே சித்தூர் ஆஸ்பத்திரியிலதான். ஒண்ணு புள்ளி எட்டு கிலோ. உன் ஸ்கிரீனு ஒரு கிலோன்னு எடுத்துகினு மருந்து சொல்லுது.”



கன்னிகா போனை வைக்காமலே, புள்ளியோடு சேர்த்து எடையை எடுத்துக்கொள்ளும்படி மாற்றி எழுதினாள். ஒவ்வொரு வரியையும் அவனுக்குப் படித்துக் காட்டினாள்.

எந்த வரிக்கும் அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. இன்னொரு தடவை படி என்றான்.