போதகரின் முதுகுவலி

கிண்ணத்தில் இன்னும் மூன்று வாய் மிச்சம் இருந்தது.

இருபத்துமூன்று பேரும் மண்டியிட்டு, திருவிருந்து ஒயினை வாங்கிக் குடித்து, எழுந்து போய் அவரவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசிப் பாட்டும் தொடங்கியாயிற்று. பீடத்தின் முன்னால், சபைக்கு முதுகைக் காட்டியபடி போதகர் மிக்யால் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

மிச்சத்தைப் போதகர்தான் குடித்துத் தீர்க்க வேண்டும். ஜெபித்துக் கொடுத்த ஒயினைத் திரும்பப் புட்டியில் ஊற்றக் கூடாது, தரையில் கொட்டவும் கூடாது. ஃபாரோ தீவுகளின் இந்த மூலையில் முப்பாட்டன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

அவர் குடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அந்த ஏழு மாதமும் டென்மார்க்கில், குடியை நிறுத்த வைக்கும் ஒரு விடுதியில் கழிந்தது. வியாழக்கிழமைதான் கப்பலில் வந்து இறங்கினார். பேராயருக்கு மட்டும் விஷயம் தெரியும். ஊருக்குச் சொல்லிவிட்டுப் போனது முதுகுவலி என்று.

ஊரும் நம்பிவிட்டது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் முதுகைத்தான் விசாரித்தார்கள். ஒருவர் காய்ந்த ஆட்டுத்தொடையைக் கொண்டுவந்து கொடுத்து, குனியாமல் வெட்டுங்கள் என்றார். பெண்கள் சேர்ந்து இடுப்புக்குக் கம்பளிப் பட்டை பின்னிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இப்போதும் கறுப்பு அங்கிக்குள்ளே அதைக் கட்டியிருந்தார். வலியே இல்லாத முதுகு வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

ஒரு வாய் போதும், எல்லாம் மறுபடி முதலிலிருந்து என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். மற்றவர்களுக்குக் கொடுக்கும்போதெல்லாம் வாசனை மூக்கில் ஏறாமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்.

ஒயினுக்குப் பதிலாகப் பழச்சாறு வைக்கச் சொல்லியிருக்கலாம். பேராயர் அனுமதி கொடுத்துத்தான் அனுப்பினார். ஆனால் ஏன் என்று கேட்பார்களே. அதிலும் ஹைனி கிழவர் இருக்கிறாரே, பாட்டுப் புத்தகத்தை மாற்றியதற்கே ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத மனிதர். கிண்ணத்தில் கை வைத்தால் விடுவாரா?

அங்கியின் பையில் விலகல் கடிதம் இருந்தது. நாளைக்குத் தபாலில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. பத்தொன்பது வருஷம் இந்த ஊருக்கு நல்லவராக இருந்து காட்டியாயிற்று. உடம்பும் மனசும் அலுத்துவிட்டன. குடியைக்கூட விட முடிந்தது, இந்த நடிப்பை விட முடியவில்லை.

"ஆண்டவரே, ஆளைத் தப்பாக் கூப்பிட்டுட்டீங்க" என்று உதட்டுக்குள் சொன்னார். அன்றைக்கு அவரால் முடிந்த ஜெபம் அவ்வளவுதான்.

பாட்டு மூன்றாவது சரணத்துக்கு வந்துவிட்டது. இனியும் நின்றால் முதுகு பிடித்துக்கொண்டது என்று யாராவது ஓடி வந்து தாங்குவார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

இனித்தது. தொண்டையில் எரிச்சல் இல்லை, நெஞ்சில் சூடு இல்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஊற்றிக் கொடுப்பார்களே, கடையில் பாக்கெட்டில் விற்கும் திராட்சைப் பழச்சாறு, அதேதான்.

திரும்பிப் பார்த்தார். இருபத்துமூன்று பேரும் புத்தகத்தில் கண்ணை வைத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஹைனிக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். இன்று அவர்கூடப் புத்தகத்தை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

கூட்டம் கலைந்ததும் பின்னறைக்குப் போனார். மார்யுன் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கோயிலில் விளக்கேற்றுவது, மணியடிப்பது, கிண்ணத்தை நிரப்பி வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

"யாரு மாத்தச் சொன்னது?"

"ஹைனிதான் பேச்சை எடுத்தாரு. யாரும் மறுத்துப் பேசலைங்க ஐயா."

போதகர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்கம் காதுவரை ஏறியது. டென்மார்க்கிலிருந்து எப்படியோ விஷயம் கசிந்திருக்கிறது.

"அப்போ, நான் போனப்புறம் ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

மார்யுன் கிண்ணத்தைத் துடைத்தாள். அவசரமே படவில்லை.

"போனப்புறமா? நீங்க போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே மாத்தியாச்சுங்க ஐயா. வீட்டுல நீங்க குடிக்கிறதை எங்களால தடுக்க முடியலை. இங்கயும் எங்க கையாலயே ஊத்திக் கொடுக்க மனசு வரலை."

இரண்டு வருஷம். காலையில் வீட்டில் குடித்துவிட்டு, வாசனை தெரியாமலிருக்க மிட்டாயை மென்றுகொண்டு, ஒருத்தருக்கும் தெரியாது என்று பிரசங்க மேடை ஏறிய ஞாயிற்றுக்கிழமைகள். அந்த ஒவ்வொரு ஞாயிறும் இதே இடத்தில் நின்று மிச்சத்தைக் குடித்திருக்கிறார். ஒயின் என்று நினைத்தே குடித்திருக்கிறார். செத்துப்போன நாக்குக்கு ருசி தெரியவில்லை. நடுங்கும் அந்தக் கைக்கு முன்னால் அவர்கள் வாரம் தவறாமல் வந்து மண்டியிட்டிருக்கிறார்கள்.

"கிண்ணத்தை மாத்துனதுக்குப் பதிலா என்னையே மாத்தியிருக்கலாமே, மார்யுன்."

"உங்களைக் கூப்பிட்டது நாங்களா, போகச் சொல்றதுக்கு?"

அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அவள் கிண்ணத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குப் பாக்கெட் வாங்கி வைக்கட்டுமா?"

அங்கியின் பையில் கடிதம் விரலில் தட்டுப்பட்டது. அதை அங்கேயே கசக்கினார்.

"வாங்கி வைங்க."

மார்யுன் கதவைத் திறந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. அவள் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"படியெல்லாம் நனைஞ்சு கெடக்கு. முதுகைப் பாத்துக்குங்க, ஐயா."