இரும்பின் வயது

மறுபடியும் பாதிதான்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டாள். காலையிலிருந்து திரையில் இதே கோடு. மேலே ஏறமாட்டேன் என்று ஒரே அடம்.

சுற்றுப்பாதையில் இருக்கும் தொலைநோக்கிக்குள் ஒரு சிட்டிகை கதிரியக்க இரும்பு இருக்கிறது. அது விடும் எக்ஸ் கதிர் எவ்வளவு என்று கணக்கு உண்டு. கருவி அதைச் சரியாக எண்ணிக் காட்டினால்தான் நட்சத்திரங்களை நம்பி அளக்கலாம்.

பாதியைக் காட்டுகிறது.

வெப்பத்தை மாற்றிப் பார்த்தாள். மென்பொருளைப் புரட்டிப் பார்த்தாள். அசைவேனா என்றது சனியன்.

"கண்ணு அவிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்." பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

எட்டு வருஷம் அவள் கைப்பட உருவாக்கிய கருவி. ஆத்திரத்தில் அழுகை வந்தது.

இனி ஒரே வழி, மின்னழுத்தத்தைக் கூட்டுவது. செயற்கைக்கோள் தலைக்கு மேல் வந்ததும் ஆணை போகும். தாங்காவிட்டால் கருவி மேலேயே கருகிவிடும்.

ஆணையை அனுப்ப வேண்டியவர் தணிகாசலம். இன்றோடு அவருக்குப் பணி ஓய்வு. பக்கத்து அறையில் போட்ட மாலையோடே வந்து உட்கார்ந்து, விசைப்பலகையில் கை வைத்தார்.

"ஸ்கூல்ல சீக்கிரம் சேக்கணும்னு எங்கப்பா ரெண்டு வயசு கூட்டிச் சொல்லிட்டாரும்மா. சர்டிபிகேட்ல அறுபது. எனக்கு அம்பத்தெட்டுதான் ஆகுது. சொன்னா யார் கேக்கறா?"

அவளும் கேட்கிற நிலையில் இல்லை.

பிறகு உறைத்தது.

அந்த இரும்பு நாளாக ஆக வீரியம் குறையும். அதன் வயதை ஏவிய நாளிலிருந்து எண்ணியிருந்தார்கள். இங்கே எதையும் ஏவிய நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். ராக்கெட் கிடைக்காமல் தொலைநோக்கி கிடங்கில் கிடந்த வருஷங்களை யாரும் சேர்க்கவில்லை. அவளும் சேர்க்கவில்லை.

"சார், கையை எடுங்க."

அவர் எடுத்தார்.

இரும்பை வாங்கிய தேதியை அடித்தாள். இருக்க வேண்டிய கோடு இறங்கி வந்து, இருக்கிற கோட்டின்மேல் உட்கார்ந்தது.

"கருவி நல்லாத்தான் இருக்கு சார். வயசைத்தான் தப்பாப் போட்டிருக்கோம்."

செயற்கைக்கோள் தலைக்கு மேல் வந்து கடந்து போனது. ஆணை எதுவும் போகவில்லை.

தணிகாசலம் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேதியை மாத்தினா போதுமாம்மா இதுக்கு?"

"போதும் சார்."

அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். பிறகு அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.