போத்தி லூ அத்தையின் அடிமை

"டேய், எல்லை தாண்டி வந்தவனே! அந்த ரேடியோவைக் கொஞ்சம் அமுக்குடா. நீ வைக்கிற சத்தத்துல என் வாழைக்காய் எல்லாம் இன்னைக்கே பழுத்துடும்!"

போத்தி லூ அத்தையின் குரல் காலையிலேயே சந்தையைத் தூக்கியது.

பக்கத்துக் காப்பிக்கடை ஆதாமா சிரித்தான். சத்தத்தைத் துளி குறைத்தான்.

அன்றைக்குப் புது ஜனாதிபதி பதவியேற்கிற நாள். 'அவரைப் பெற்றவர்கள் இந்த நாட்டுக்காரர்களே இல்லை, நாற்காலிக்குத் தகுதி கிடையாது' என்று வருஷக்கணக்காகத் தடுத்து வைத்திருந்த மனிதர். அந்தச் சண்டையில் ஐவரி கோஸ்ட்டே இரண்டாகக் கிழிந்தது. எங்கள் சந்தையிலும் ரத்தம் சிந்தியது. இப்போதுதான் பயந்து பயந்து கடைகளைத் திறந்திருந்தோம்.

ஆதாமாவுக்கு மட்டும் பயம் இல்லை. வாசலில் தோரணம் கட்டி, ஒரு வாளி நிறையச் சிவப்பு பிஸ்ஸாப் சர்பத் கலந்து வைத்திருந்தான். வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா.

"இந்தாங்க அத்தை. இன்னைக்கு ஒரு நாளாவது என் கையால குடிங்க."

டம்ளரை வாங்கினாள். குடிக்கவில்லை. வாழைத்தார் பக்கத்தில் வைத்தாள்.

"உன் ஆளு உட்காருறதுக்கு நான் ஏன்டா தொண்டையை நனைக்கணும்? நானா ஓட்டுப் போட்டேன்?"

"நம்ம எல்லாருக்கும்தான அத்தை ஜனாதிபதி?"

"நம்மளா? நீ எப்படா 'நம்ம' ஆனே?"

"நான் இங்கதானே பொறந்தேன்!"

"இந்த வாழைத்தார்கூட என் கடையிலதான் பழுக்குது. அதுக்காக இங்கயா காய்ச்சுது?"

சுற்றி நாலு பேர் சிரித்தார்கள். ஆதாமாவும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

எனக்கு எரிச்சல். சண்டைக்கு முன்னால் சந்தைச் சங்கத்துக்கு அவனைச் செயலாளராகப் போடலாம் என்று பேச்சு வந்தபோது, 'அப்பன் எல்லைக்கு அந்தப் பக்கம், இவனுக்குத் தகுதி இல்லை' என்று எழுந்து நின்றவளும் இவள்தான்.

"பாவம், விடுங்களேன் அத்தை" என்றேன், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே.

"நீ உன் வெங்காயத்தைப் பாரு."

ரேடியோவில் தேசிய கீதம் தொடங்கியது. ஆதாமா டம்ளர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். தோற்ற கட்சிப் பையன்கள், வேறு பேட்டைக்காரர்கள். கையில் வெட்டரிவாள். வந்த வேகத்தில் ஒருத்தன் வாளியை எட்டி உதைத்தான். தரையெல்லாம் சிவப்பு ஓடியது.

"என்னடா கொண்டாட்டம்? எந்த ஊருடா நீ? உன் அப்பன் ஊரைச் சொல்லு!"

சுற்றிலும் கடைப் பலகைகள் படபடவென்று சாத்தப்பட்டன. நான் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அத்தை எழுந்தாள். அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு நேரே போனாள். சர்பத்தை ஆதாமாவின் மூஞ்சியிலேயே வீசினாள். தலையில் ஓங்கி ஒரு அடி.

"அடிமை நாயே! எஜமானி இங்க வெறும் வயித்தோட உட்கார்ந்திருக்கேன், உனக்குப் பாட்டு கேக்குதா? உன் தாத்தனை ஒரு கூடை கம்புக்கு வாங்கினது என் தாத்தன்டா! அதுவும் நஷ்டம்! தரையைக் கழுவுடா!"

பையன்கள் திகைத்துப்போனார்கள். தலைவன் மாதிரி இருந்தவனின் முகம் மெல்ல மாறியது.

"அம்மா, நீங்க குரோ இனமா?"

"பார்த்தா தெரியல?"

"இவன்?"

"செனுஃபோக்காரன். வேற எவனை நான் அடிமைன்னு கூப்பிடப் போறேன்?"

ஒரு பையன் சிரித்தேவிட்டான்.

குரோ, செனுஃபோ இரண்டும் இந்த நாட்டு இனங்கள். தாத்தன் காலத்து உறவு அது. மாமன் மச்சான் கேலி மாதிரி. எப்படி வேண்டுமானாலும் திட்டலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் பார்க்கக் கூடாது. அந்த உறவைச் சொல்லிக் குறுக்கே நின்றுவிட்டால், கத்தி எவன் கையில் இருந்தாலும் தாழ்த்தியாக வேண்டும்.

இத்தனை நாள் திட்டினதெல்லாம் இந்தக் கேலிதானா! சங்கத்தில் எழுந்து நின்றதுகூடவா? எனக்கு வெட்கமாகிவிட்டது.

தலைவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"அந்த உறவை வச்சுப் பொய் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல? உங்க வம்சத்துக்கே ஆகாது."

"தெரியும்" என்றாள் அத்தை.

அவள் தணிந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவன் அரிவாளைத் தாழ்த்தினான். "உங்க அடிமையை ஒழுங்கா இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

ஆதாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தாடியிலிருந்து சர்பத் சொட்டியது. ரேடியோவில் புது ஜனாதிபதி உறுதிமொழி வாசித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அத்தை அதை அமுக்கச் சொல்லவில்லை. முக்காலியில் உட்கார்ந்து காலி டம்ளரை நீட்டினாள்.

"வாளியில மிச்சம் இருந்தா ஊத்து."

அடியில் கொஞ்சம் இருந்தது. ஊற்றினான். ஒரே மூச்சில் குடித்தாள்.

"அத்தை..." என்றான் ஆதாமா. "நான் செனுஃபோ இல்லையே. எங்கப்பா நிஜமாவே எல்லைக்கு அந்தப் பக்கம்தானே."

அத்தை வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்டா. ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவளே நான்தானே?"