எங்கள் வீட்டுப் பந்தல்

“இன்னாடி, பெத்தவ செத்துக் கெடக்கறா. உனக்கு அழுவயே வரலியா?”

எல்லோர் முன்னாலும் பிரபாவதி அத்தைதான் கேட்டாள்.

வரவில்லை. வரவழைக்கவும் தெரியவில்லை.

எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தி இறால் கம்பெனிக்கு அனுப்பியவள் அம்மா. ஒருநாள் தலையைத் தடவியதாகக்கூட நினைவில்லை. திருவிடந்தையில் அவள் சண்டை போடாத வீடு கிடையாது. பந்தலில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

உள்ளே உட்கார்ந்திருந்த ஐந்தாறு பெண்களும், மாமா பூனாவிலிருந்து எப்போது வந்து சேர்வார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்காகத்தான் அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். கண்ணாடி வேர்த்துப் போய், உள்ளே மஞ்சள் புடவையின் நிறம் மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் அந்த அம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

யாருக்கும் அவளைத் தெரியவில்லை. பெட்டியின் மேல் விழுந்தாள். பிறகு எங்களோடு உட்கார்ந்து, பக்கத்திலிருந்த என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

புருஷன் அடித்துத் துரத்திய அன்று, கொட்டுகிற மழையில் கைக்குழந்தையோடு நின்றவளை அம்மா உள்ளே இழுத்து வைத்துக்கொண்டாளாம். தேடி வந்த புருஷனை அரிவாள்மணையோடு வாசலில் மறித்தாளாம்.

அரிவாள்மணை என்றதும் எல்லோருக்கும் அம்மாதான் கண்ணில் தெரிந்தாள்.

“ஒரு வாய்க் கஞ்சி இருந்தத எம்புள்ளைக்கு ஊட்டிட்டு, பச்சத் தண்ணி குடிச்சிப் படுத்தியே, என்னப் பெத்த அம்மா…”

பெண்கள் கரைந்தார்கள். அம்மாவோடு பல வருஷமாகப் பேச்சில்லாத அத்தை மூக்கைச் சிந்தினாள். இப்படி ஒரு மனசு அவளுக்கு இருந்தது தெரியாமல் போயிற்றே என்றாள்.

நான் அழுதேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அம்மா அம்மா என்று அழுதேன்.

எனக்குக் காட்டாவிட்டால் என்ன? யாரோ ஒருத்திக்குக் காட்டியிருக்கிறாள். அது போதும் என்றிருந்தது.

பாட்டு ஓய்ந்ததும் அந்த அம்மாள் முகம் பார்ப்பதற்காக எழுந்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

துடைத்த கை அப்படியே நின்றது.

ஊருக்குள்ளிருந்து சாவு மேளம் கேட்டது. பெருமாள் கோயிலுக்குப் பின்னால் அன்று காலையில்தான் சம்பூர்ணம் அம்மாளும் இறந்திருந்தார். யார் வந்து நின்றாலும் சோறு போட்டவர் என்று ஊரே சொல்லும். ஆனால் வெகுநாள் கழித்து ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது எங்கள் பந்தல்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அவளுடைய சேலையை நான் இறுகப் பிடித்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. விடத் தோன்றவில்லை.

மறுபடி உட்கார்ந்தாள். என்னை மடியில் சாய்த்துக்கொண்டு, மெல்ல ஒப்பாரியை எடுத்தாள்.

“வாயத் தொறந்து சொல்லத் தெரியாத தாயே, பொண்ணு மேல வச்ச ஆசைய மனசோட எடுத்துகினு போறியே…”

அத்தை இன்னும் சத்தமாக அழுதாள்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

சாவு வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. அதனால் அவள் எழுந்து போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. தலையைக் குனிந்தபடி பந்தலைத் தாண்டி, மேளம் கேட்ட பக்கமாக நடந்தாள்.