குஷியான ஆர்டர்

"குஷியான ஆர்டர்" என்று குர்ஷித் பேகம் சொன்னதும் மேனேஜர் செபஸ்தியான் நிமிர்ந்து பார்த்தார்.

1959. திண்டுக்கல்லில் ஒரு தோல் கம்பெனியின் ஆபீஸ். டைப்பிஸ்ட் வேலை கேட்டு வந்தவளிடம், லண்டனிலிருந்து வந்த கடிதத்தைக் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொல்லியிருந்தார்.

"ஏம்மா, வெள்ளைக்காரன் கடுதாசியில குஷி எங்கிட்டு இருந்து வந்துச்சு? அவன் எழுதினது 'cushy'. அது குஷன்ல இருந்து வந்த வார்த்தை. மெத்தையில உக்காந்த மாதிரி சொகுசான வேலைன்னு அர்த்தம்."

அவர் இங்கிலீஷில் பி.ஏ. பட்டம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது.

தலையாட்டினால் போதும், வேலை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் கீரனூர் மாப்பிள்ளைக்குச் சம்மதம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு நாற்பத்திரண்டு வயது.

வாய் கேட்கவில்லை.

"இல்ல சார். அது எங்க வீட்ல பேசுற உருது. அந்தக் காலத்துல வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரங்க இங்க இருந்து சீமைக்குக் கொண்டுபோனது."

செபஸ்தியான் எழுந்து, அலமாரியிலிருந்து தடித்த அகராதியை இறக்கினார். எச்சில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளினார். விரல் ஓரிடத்தில் நின்றது. நின்றபடியே இருந்தது.

குர்ஷித் முக்காட்டின் முனையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

"இந்துஸ்தானி" என்று அவர் முணுமுணுத்தார். பிறகு, சந்தோஷம் என்று பொருள்படும் 'குஷ்' என்ற சொல், பட்டாளத்துப் பேச்சு வழியாக வந்தது என்று சத்தமாக வாசித்தார்.

முதலில் அவருடைய வயிறுதான் குலுங்கியது. அப்புறம் மேசை. இருபது வருஷமாக ஊரெல்லாம் மெத்தைக் கதை சொல்லியிருக்கிறேனே என்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பக்கத்து அறை ஆட்களைக் கூப்பிட்டு அகராதியைக் காட்டினார். தோல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு முறை துரை மாதிரி இழுத்து 'குஷி' என்று சொல்லிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் துரை வரவில்லை. குர்ஷித்துக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"திங்கக்கிழமை வந்துரும்மா" என்றார் செபஸ்தியான்.

தெருவுக்கு வந்தவள் நடக்கவில்லை, ஓடினாள். நாகல் நகர் திருப்பத்தில் மூச்சு வாங்கி, சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குதிரைவண்டிக்காரர் ஒருவர் பயந்துபோய் வண்டியை நிறுத்தினார்.

அந்த இங்கிலீஷ் வார்த்தையை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். அர்த்தம் தெரியாது. எழுத்துக் கூட்டினாள், குஷி என்று வந்தது, சொல்லிவிட்டாள்.

பட்டாளத்துக்காரர்கள் கதை, உட்கார்ந்த நாற்காலியிலேயே அவளாகக் கட்டியது.