தேக்குக் கதவு

"மாமா, ரெண்டு கதவுலயும் வரி ஒரே மாதிரி ஓடுதே! கணுகூட ஒரே எடத்துல இருக்கு பாருங்க!"

மச்சான் ஆனந்தராஜ் கத்தியதும் பச்சைமுத்து கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

காணை கிராமத்தில் புதுவீடு கட்டிய பச்சைமுத்து, தலைவாசலுக்குத் தேக்குக் கதவு என்று கல்யாணத் தரகரிடம் அளந்துவிட்டிருந்தார். உண்மையில் அது விழுப்புரத்தில் வாங்கிய இரட்டை இரும்புக் கதவு. மேலே மரம் போலப் பெயிண்ட், அவ்வளவுதான். யாரும் கிட்டே போகாமலிருக்கக் கதவோரம் நாற்காலி போட்டு மச்சானை உட்காரவைத்திருந்தார். விஷயம் தெரியாத அந்த மகானுபாவன் பொழுது போகாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டான். இந்தப் பொய் உடைந்தால் மகள் கலைமதி கல்யாணம் அவ்வளவுதான். அப்பன் பேச்சை நம்பி யார் பெண்ணெடுப்பார்கள்?

"எந்த மரத்துலயும் ரெண்டு பலகை ஒண்ணுபோல வராது மாமா. தட்டிப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது!"

ஆனந்தராஜ் கையை ஓங்கினான்.

"அட, இருங்க தம்பி!"

மாப்பிள்ளையின் அப்பா தமிழ்மணி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தார். திண்டிவனத்தில் மர வியாபாரம் என்று தரகர் சொல்லியிருந்தார். தமிழ்மணி குனிந்து கதவை உற்றுப் பார்த்தார்.

"ஒரே கட்டையை நடுவுல அறுத்து விரிச்சுப் போட்டா, வரி இப்பிடித்தான் ஜோடியா வரும். அசல் தேக்கு! நல்ல காரியம் பேசுற எடத்துல கதவைத் தட்டிக்கினு இருக்கலாமா?"

மர வியாபாரியே சொன்ன பிறகு ஆனந்தராஜ் நாற்காலிக்கே திரும்பிவிட்டான். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றிக்கொள்வதென்று முடிவானது.

வேனில் ஏறப்போன தமிழ்மணியைத் தனியே அழைத்து, பச்சைமுத்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"சம்மந்தி, ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. அது இரும்புங்க. என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க. செத்தாலும் மறக்கமாட்டேன்!"

"நான்தாங்க ஒங்களைக் கும்பிடணும்" என்று தமிழ்மணி குரலைத் தாழ்த்தினார். "மர வியாபாரின்னு தரகர்கிட்ட நானும் புளுகிட்டு, எப்ப மாட்டுவமோன்னு பயந்துக்கினே வந்தேன். ஒங்க வாசல்ல கால் வெச்சதும்தான் உசுரு வந்துச்சு... விழுப்புரத்துல அந்தக் கதவுக்கு பெயிண்ட்ல வரி போட்டதே நான்தாங்க!"